லோரி டர்போவை மாற்றும் முன்: கறும்புகையும் உங்கள் நுரையீரலும்

லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுத்தவர்கள், மணல் லோரி ஓட்டியவர்கள், பட்டறையில் போர்மனாக இருந்தவர்கள். வேலையை விட்டாலும் கை சும்மா இருப்பதில்லை. மகனோ தம்பி மகனோ பழைய டீசல் லோரி ஒன்றை வாங்கியிருப்பார். "மேட்டில் இழுக்கவே மாட்டேங்குதுப்பா, டர்போவை ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டு, வண்டியை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

அப்படி நிறுத்தப்பட்ட லோரிக்குப் பின்னால் நின்று யோசனை சொல்பவர்களுக்காகவே இந்தக் கையேடு. உடல்நலம் பற்றிய கையேட்டில் இயந்திரம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதைத் தவிர்க்க முடியும்.

டர்போவின் கூட்டை ஏன் மாற்றுகிறார்கள்?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, நத்தை ஓடு போன்ற ஓர் இரும்புக் கூட்டுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் அதிக டீசலை எரிக்கலாம். டர்போவின் வேலை இவ்வளவுதான்.

புகை நுழையும் கூட்டின் கழுத்து எவ்வளவு அகலம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தோட்டத்தில் தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பாருங்கள், தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். அதுபோல, கழுத்து குறுகலான கூட்டில் புகை வேகமாக மோதுவதால் சக்கரம் சீக்கிரம் சுழலத் தொடங்கும். பாரத்தோடு கிளம்பும்போது லோரி நன்றாக இழுக்கும். ஆனால் எஞ்சின் வேகம் கூடியதும் அதே குறுகிய கழுத்து புகையை அடைத்து, சூட்டை ஏற்றிவிடும். அகலமான கூட்டில் இது தலைகீழ். மேல் வேகத்தில் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், கீழ் வேகத்திலோ காற்று அழுத்தம் தாமதமாகத்தான் வரும். கூட்டின் மேல் ஏ/ஆர் என்று பொறித்திருக்கும் எண் இந்த அளவைத்தான் காட்டுகிறது. எண் சிறிதென்றால் குறுகல், பெரிதென்றால் அகலம். சிலர் கூட்டை மாற்றாமல், கிரைண்டரால் உட்புறத்தைத் தேய்த்து வழியைப் பெரிதாக்குவதும் உண்டு.

கூட்டை மாற்றினால் மட்டும் பலம் வந்துவிடாது. பலம் எரியும் டீசலிலிருந்து வருகிறது. அதனால் கூட்டை மாற்றும் கையோடு டீசல் பம்பையும் கூட்டி வைத்துவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் புகையில்லாமல் எரிய அதைவிட நிறையவே வேண்டும். பெரிய கூடு போட்ட லோரி டோல் சாவடியில் நின்று கிளம்பும்போதோ, காராக் நெடுஞ்சாலை மேட்டில் மெதுவாக ஏறும்போதோ, டீசல் வந்துவிடுகிறது, காற்று இன்னும் வரவில்லை. அப்போதுதான் குழாயிலிருந்து மை போலப் புகை கிளம்புகிறது.

"புகை வந்தால்தான் பவர்" என்று சில பட்டறைகளில் பெருமையாகச் சொல்வார்கள். அது தவறு. அந்தக் கறுப்பு, நீங்கள் காசு கொடுத்து வாங்கி, முழுதாக எரியாமல் போன டீசல். கூட்டையும் பம்பையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைக்கத் தெரிந்த போர்மன், புகை இல்லாமல்தான் வண்டியைத் திருப்பித் தருவார்.

அந்தக் கறுப்பு எங்கே போகிறது?

டீசல் கரித்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனுக்கும் சிறியவை. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோன். இவ்வளவு நுண்ணிய துகளை மூக்கு முடியோ தொண்டைச் சளியோ முழுதாகப் பிடித்து நிறுத்த முடியாது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ப் படிகிறது. ஏற்கனவே ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களுக்குச் சிறிது நேரம் புகையில் நின்றாலே இளைப்போ நெஞ்சு இறுக்கமோ வரலாம். பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கு ஆபத்து அதைவிடப் பெரிது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. குறிப்பாகச் சொல்லப்பட்டது நுரையீரல் புற்றுநோய்.

ஆகவே டர்போவைச் சோதிக்க எஞ்சினை முடுக்கும்போது குழாயின் பின்னால் நிற்காதீர்கள். கார் நிறுத்தும் கூரையின் கீழ் ஓடவிட வேண்டாம், திறந்த வெளிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பி, சாலைப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். மூக்கில் கட்டும் துண்டோ சாதாரண முகக்கவசமோ இந்தத் துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் சரியாக ஒட்டி அமர்ந்தால் துகளைத் தடுக்கும், ஆனால் புகையில் உள்ள வாயுக்களைத் தடுக்காது.

கையில் எடுக்கும் வேலையும் கவனம்

சில டர்போ கூடுகள் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பால் ஆனவை. கிரைண்டர் போடும்போது பறக்கும் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோலில் அரிப்பும் வரும். பழைய லோரிகளின் கேஸ்கெட்டிலும் புகைக்குழாயைச் சுற்றிய வெள்ளைத் துணியிலும் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் அதைச் சுரண்டவோ காற்றடித்து ஊதவோ வேண்டாம். வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். கையை பெட்ரோலால் கழுவும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, சோப்பே போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டீசல் கசிகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினின் உயர் அழுத்தக் குழாயை விரலால் தடவக்கூடாது. ஊசித் துளையில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகி, விரலையே இழக்க நேரிடும். அப்படி நடந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், டீசல் உள்ளே போயிருக்கலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளியோடு இருமல் வருகிறது என்றால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். சிகரெட் பிடிக்காதவருக்கும் இது வரும், சிகரெட்டோடு டீசல் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குழாயில் பலமாக ஊதச் செய்யும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தாமதிக்காமல் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

கிளினிக்கில் மருத்துவர் சிகரெட் பற்றிக் கேட்பார். வேலை பற்றிக் கேட்காமல் போகலாம். நீங்களாகவே சொல்லுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை லோரி ஓட்டினீர்கள், பட்டறை மூடிய இடமா திறந்ததா, பிரேக் லைனிங், கேஸ்கெட் வேலை செய்தீர்களா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. வேலையால் வந்த நோய் என்று மருத்துவர் கருதினால், சொக்சோ எனும் பெர்கேசோ அலுவலகத்தில் அதற்கான உதவி உங்களுக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கவும் அந்தத் தாள் பயன்படும்.

லோரியைக் கொண்டுவந்த மகனிடமும் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். எஞ்சினில் மாற்றம் செய்யும் முன் ஜேபிஜே அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்க வேண்டும். 1996-ஆம் ஆண்டு விதிமுறைப்படி டீசல் வாகனப் புகை 50 ஹார்ட்ரிஜ் அளவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் சுற்றுச்சூழல் இலாகா நடவடிக்கை எடுக்கும். மேட்டில் இழுக்காத லோரிக்குப் பல நேரம் புது டர்போ கூடு தேவைப்படுவதே இல்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.