செயின் கழலுதா? முதலில் காட்டர் பின்னைப் பாருங்க

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுவது பெரும்பாலும் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம். செயின் கழலுதுன்னு கடைக்குப் போனா ஒரு கண்ணியை வெட்டி இறுக்கித் தருவாங்க. கொஞ்ச நாளில் மறுபடி கழலும். சுண்ணாம்புக்கல் லாரி வரிசையாகப் போகிற ரோட்டில், எழுந்து நின்று மிதிக்கும்போது அது நழுவினால் பிள்ளை லாரிப் பக்கம் சாயும்.

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பெடலை மெதுவா சுத்துங்க. முன் பல்சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஆடினால், சக்கரம் கோணியிருக்கு. ஆடவில்லையா? நீள ஸ்கேலை அதன் பக்கவாட்டில் வைத்து ஃப்ரீவீல் வரை பாருங்க. இரண்டும் ஒரே கோட்டில் வரணும். வரலைன்னா, பின்சக்கரம் நேரா நிற்குதான்னு பார்த்துட்டு பி.பி. அச்சுக்கு வாங்க. அதன் நீளமான முனை செயின் பக்கம்தான் போகணும். மாற்றிப் போட்டால் பல்சக்கரம் உள்ளே தள்ளிப்போகும்.

இனி காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிடித்து வைப்பது சரிவாகச் சீவிய இந்தச் சின்ன ஆணிதான். சீவிய பக்கம் அச்சிலுள்ள தட்டைப் பகுதியில் முழுசாக உட்காரணும். கிராங்க் இரண்டையும் படுக்கை வசத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நட்டு மேலே, மற்றது கீழே இருக்கணும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் பெடல்கள் நேரெதிராக நிற்காது. நிறையப் பேர் நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுக்கிறாங்க. அது தப்பு, மரை போயிடும். சுத்தியலால் அடித்து இறக்கிட்டு, பிறகுதான் நட்டு. அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் தரையில் ஊன்றின மாதிரி ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுக்கணும். இல்லைன்னா அடி முழுக்க பால்ரஸுக்குப் போய் கப்பில் குழி விழும். இந்த முட்டுக் கொடுக்கிற வேலையைத்தான் அவசரத்தில் விட்டுடுறாங்க. ரெண்டு நாள் ஓட்டின பிறகு இன்னொரு தடவை அடித்து நட்டை இறுக்கணும். புது பின் கொஞ்சம் அமுங்கும்.

இவ்வளவும் சரின்னா மட்டும் செயினை அளங்க. புதுசில் 24 கண்ணி சரியா 12 அங்குலம். 12⅛ ஆயிட்டா மாத்திடுங்க, வெட்டிப் பயனில்லை. எங்க பக்கம் சுண்ணாம்புத் தூசிதான் செயினைத் தின்னுதுன்னு சொல்வாங்க. சுண்ணாம்புக்கல் எஃகைவிட ரொம்ப மென்மை. எண்ணெயில் ஒட்டி அரைப்பது கூட வர்ற மணல். அதனால மண்ணெண்ணெயில் கழுவித் துடைச்சுட்டு, கொஞ்சமா எண்ணெய் விடுங்க.