வெளிநிலமும் புறநகரும்: சென்னையின் விரிவும் குருசேகர ஊழியமும்

இறையியல் மாணவர்களுக்குத் தாம்பரம் என்பது முதலில் ஒரு மாநாட்டின் பெயர். 1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அகில உலக மிஷனெரி மன்றம் அங்குக் கூடியது. ஹென்றிக் கிரேமர் அம்மாநாட்டிற்கென எழுதிய நூலைப் பற்றிய வாதம் இன்றும் நம் வகுப்புகளில் ஓயவில்லை. மாநாட்டிற்கு இடமளித்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோ, அதற்கு முந்திய ஆண்டில்தான் ஜார்ஜ் டவுனின் நெருக்கடியை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ஆக, பல நாட்டுத் திருச்சபைத் தலைவர்கள் வந்திறங்கிய தாம்பரம், நகரத்திற்கு வெளியே மரங்களுக்கு நடுவில் அமைந்த ஓர் ஒதுக்கிடம். அதே தாம்பரம் 2021 நவம்பரில் தனி மாநகராட்சி ஆயிற்று. இன்று காலை எட்டு மணிக்கு அந்நிலையத்தின் நடைமேடையில் நிற்போரைக் கேட்டால் கிரேமரின் பெயர் கிடைக்காது. எந்த வண்டியில் கால் வைக்க இடம் இருக்கும் என்பதற்கு மட்டுமே விடை கிடைக்கும்.

நம் ஆயர்களில் பலர் இத்தகைய புறநகர்களில் பணியாற்றுகின்றனர். இன்று பயிலும் மாணவருள் பலரும் நாளை அங்கு அனுப்பப்படுவர். ஆயினும் போக்குவரத்து நெரிசல் நம் பிரசங்கங்களில் தலைகாட்டும்போதெல்லாம் பொறுமை என்னும் நற்பண்புக்கு உவமையாகவே வந்து போகின்றது. பொறுமை நல்லதே. ஆனால் சாலையில் நிற்பவனின் குணத்தை ஆராயுமுன், அவனை அச்சாலைக்குக் கொண்டுவந்த நிலத்தின் வரலாற்றை ஆராய வேண்டும் என்பது நம் கருத்து.

2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 7 விழுக்காடே கூடிற்று. அதே காலத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 விழுக்காடும், திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் பெருகின. நகரம் வளர்ந்தது என்பதைவிட நகரத்தின் விளிம்பு வளர்ந்தது என்பதே பொருந்தும். நிர்வாக எல்லைகளும் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2022இல் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக அறிவிக்கப்பட்டது.

இவ்விரிவு இரு வேறு காலங்களில் இரு வேறு வகையில் நிகழ்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இரயில் வளர்த்த புறநகர் நிலையத்தைச் சுற்றி, கால்நடைத் தூரத்தில் அமைந்தது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அப்படிப் பெருகியவை. இறங்கி நடந்தால் வீடு, வழியில் கடை, சற்று அப்பால் ஆலயம். பிற்காலத்தில் இருசக்கர வாகனம் வளர்த்த புறநகருக்கு இந்த அளவுகோல் இல்லை. நிலையத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டரில் இருக்கும் வயலும் இப்பொழுது 'மிக அருகில்' என்று விளம்பரப் பலகையில் எழுதப்படத் தகுதி பெற்றுவிட்டது.

அவ்வயல் எவ்வாறு தெருவாகின்றது? விவசாயி நிலத்தை விற்கிறார். வாங்கியவர் மனைகளாகப் பிரித்துக் கல் நடுகிறார். பல்லாண்டுகள் இது முறையான அனுமதியின்றியே நடந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடை விதித்ததும், அடுத்த ஆண்டில் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நம் சபையாரில் எத்தனையோ பேர் அக்காலத்தில் ஜெபக் குறிப்புகளோடு பத்திர நகல்களையும் ஆயரிடம் கொண்டுவந்தனர். இங்கு நாம் கவனிக்க வேண்டியது மனைப்பிரிவின் உள்ளமைப்பு. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனக்குள் மட்டும் தெருக்களை வகுத்துக்கொண்டு, ஒரே வாயில் வழியாகப் பெருஞ்சாலையில் திறக்கின்றது. பக்கத்து மனைப்பிரிவுக்குப் போக உள்வழி இராது. நடுவில் ஒரு சுவர் நிற்கும். அடுத்த தெருவில் உள்ள பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் தாயும், திருச்சிராப்பள்ளிக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரியும் ஒரே ஜி.எஸ்.டி. சாலையில் சந்திப்பது இதனாலேயே. பெருஞ்சாலை நெடும்பயணத்திற்கென அமைந்தது. தெருவின் வேலையும் இப்பொழுது அதன் தலையில் விழுந்திருக்கின்றது.

சாலையை அகலப்படுத்தினால் தீராதா என்று சபைக் கூட்டங்களில் கேட்பார்கள். அந்தோணி டவுன்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1962இலேயே இக்கேள்வியை ஆராய்ந்து, நகர்ப்புற விரைவுச்சாலைகளில் உச்ச நேர நெரிசல் சாலையின் கொள்ளளவை எட்டும்வரை உயர்ந்தே தீரும் என்று காட்டினார். நெரிசலுக்கு அஞ்சி வேறு வழியிலோ, வேறு நேரத்திலோ, இரயிலிலோ போனவர்கள் புதுச் சாலை திறந்தவுடன் திரும்பி வருவார்கள் என்பது அதன் காரணம். சாலையின் மறுமுனையில் நிலம் விலையேறி மனையாகும் என்பதையும் நாம் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலை 2008இல் உலகின் மிக அகலமான சாலைகளுள் ஒன்றாக விரிவாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே மாலைப் பயண நேரம் மீண்டும் நீண்டது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த நம் வெளிவட்டச் சாலையில் பயணம் செய்பவர் இருபுறமும் நடப்பட்டிருக்கும் மனைக் கற்களை எண்ணிப் பார்க்கலாம்.

சாலையும் இரயிலும் ஒன்றையொன்று அறியாமல் திட்டமிடப்படுவது இன்னொரு கேடு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, இருப்புப்பாதை அருகிலேயே இருந்தும் அங்கு இரயில் நிலையம் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து பையும் கூடையுமாக வந்திறங்கிய முதியவர்கள் அந்த வரிசை மாற்றத்தின் விலையைத் தங்கள் கால்களால் கொடுத்தார்கள்.

இங்கு வேதாகமத்தில் ஒரு சொல்லை நாம் ஆராய்வது பயனுடையது. எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில் லேவியரின் பட்டணங்களைச் சூழ ஒதுக்கப்பட வேண்டிய நிலத்திற்கு எபிரெயத்தில் 'மிக்ராஷ்' என்று பெயர். நம் தமிழ் வேதாகமம் அதனை 'வெளிநிலம்' என்கிறது. ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் பதிப்போ அதே சொல்லைச் 'சபர்ப்ஸ்', அதாவது புறநகர் என்றே மொழிபெயர்த்தது. அவ்வெளிநிலம் ஆடுமாடுகளுக்கான பொது மேய்ச்சலிடம். அதற்கு முழக்கணக்கில் அளவு உண்டு. லேவியராகமம் 25:34 அதனை விற்கக் கூடாதென விலக்குகிறது. வயலும் வீடும் கைமாறலாம், யூபிலியில் திரும்பலாம்; பட்டணத்தைச் சூழ்ந்த பொதுநிலம் மட்டும் சந்தைக்கு வருவதே இல்லை. பட்டணம் எங்கே முடிகின்றது என்பதை அது காட்டி நின்றது.

இச்சட்டம் அந்நியமான ஒன்றன்று. நம் கிராமக் கணக்குகளில் மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று எழுதப்பட்டவை இதே இனத்தைச் சேர்ந்தவை. 'புறம்போக்கு' என்பது இன்று வசைச்சொல்லாகிவிட்டது. பொதுச்சொத்தின் பெயர் வசையான காலமும் அது விலைபோன காலமும் ஒன்றே என்று தோன்றுகின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் சாலைகளாகவும் மாறிய பிறகே, எஞ்சியதில் ஏறத்தாழ 1,250 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் புகுந்தபோது, தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது என்று பலரும் சொன்னார்கள். அதே நிலக் கதையின் அன்றாட வடிவம்தான் நெரிசல். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்து, பிறருக்கு இடமில்லாமற் செய்வோரை ஏசாயா 5:8 கண்டிப்பதைத் தனிமனிதப் பேராசைக்கு மட்டும் பொருத்தி விளக்குவது வழக்கம். அது நிலம் ஒழுங்குசெய்யப்படும் முறையைப் பற்றிய தீர்ப்பும் ஆகும்.

1961இல் கிப்சன் வின்ட்டர் எழுதிய, திருச்சபைகளின் புறநகர்ச் சிறையிருப்பைப் பற்றிய நூல் நம் நூலகங்களில் உண்டு. அமெரிக்கப் புரொட்டஸ்டாண்டு சபைகள் நடுத்தர வகுப்பாரைப் பின்தொடர்ந்து புறநகருக்குச் சென்று, நகரின் உட்பகுதியில் தங்கிய ஏழைகளைக் கைவிட்டன என்பது அவரது குற்றச்சாட்டு. இதனை அப்படியே சென்னைக்குப் பொருத்துவது பிழையாகும். இங்கு ஏழைகளே வெளியேற்றப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் அதே 2000ஆம் ஆண்டில்தான். ஒரே பழைய மகாபலிபுரம் சாலை, கணினி நிறுவனங்களுக்குக் காலையில் தெற்கு நோக்கியும், மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு வடக்கு நோக்கியும் ஓடுகின்றது. 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரத்தை எவரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அப்பெண் வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். திருடப்பட்டது பணமாயின் நாம் அதனைப் பாவம் என்போம். நேரமாயின் நெரிசல் என்கிறோம்.

இனி நம் சபைகளுக்கு வருவோம். குருசேகரம் என்னும் அமைப்பு நடந்து செல்லும் மக்களைக் கருதி வகுக்கப்பட்டது. ஆயர் மாலையில் தெருத்தெருவாகச் சென்று வீடுகளைச் சந்திக்கலாம். மணியோசை கேட்கும் தொலைவில் சபையார் இருப்பர். இன்று வேப்பேரியிலோ இராயபுரத்திலோ பெயர்ப்பதிவு உள்ள குடும்பம் கூடுவாஞ்சேரியில் குடியிருக்கும்; கணவர் சிறுசேரியில், மனைவி பாரிமுனையில் பணிபுரிவர். ஞானஸ்நானப் பதிவும், சந்தா அட்டையும், கல்லறைத் தோட்டத்தில் பாட்டனார் கல்லறையும் தாய்ச்சபையில் இருப்பதால் பண்டிகைக்கும் திருவிருந்துக்கும் அங்கே போகிறார்கள். வாரம் ஆறு நாள் சாலையில் கழித்தவர்கள் ஏழாம் நாளையும் அங்கேயே கழிக்கிறார்கள். ஓய்வுநாளைப் பற்றி அவர்களுக்குப் பிரசங்கிக்குமுன் ஆயர் சற்றுத் தயங்க வேண்டும்.

அவர்களுடைய தெருவிலேயே வாடகைக் கட்டடத்தில் சுயாதீன சபை ஒன்று புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஜெபக்கூட்டம் நடத்துகின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதன் போதகர் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறார். இதனை 'ஆடு திருடுதல்' என்று நம் பேராயக் கூட்டங்களில் சொல்வதுண்டு. மேய்ப்பன் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை. அவர்தம் உபதேசத்தோடு நமக்கு வேற்றுமைகள் உண்டு. ஆனால் தூரத்தைப் பற்றி அவர்கள் முன்னதாகவே புரிந்துகொண்டார்கள்.

புதிய ஆலயத்திற்கு மனை தேடும் குழுக்கள் வாகனம் நிறுத்தும் வசதியை முதலில் கேட்கின்றன. பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு என்று கேட்கும் குழு அரிது. கார் வைத்திருப்போருக்கென அமையும் ஆலயம், அறியாமலே கார் இல்லாதோரை விலக்கிவிடுகின்றது. பெரும்பாக்கத்தின் அடுக்குமாடியிலிருந்து வரும் விதவைத்தாய் சுற்றுச்சுவரோடு திரும்பிவிடுவார். சகரியா 8:4,5இல் மீட்கப்பட்ட எருசலேமின் அடையாளமாகச் சொல்லப்படுவது விந்தையானது. கோலூன்றிய முதியோர் வீதிகளில் அமர்ந்திருப்பதும், சிறுவர் சிறுமியர் அவ்வீதிகளில் விளையாடுவதுமே அது. மதிலின் உயரமோ ஆலயத்தின் பொன்னோ அன்று. இதனைக் கொண்டு ஒரு புறநகர்த் தெருவை அளந்து பார்க்கும் பயிற்சியை நம் மாணவர்களுக்குக் களப்பணியாகக் கொடுக்கலாம்: எந்த வீட்டு முதியவர் எத்தனை நாளாக வாசலைத் தாண்டவில்லை, ஏன் தாண்டவில்லை, சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று.

கடைசியாக, நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. மனைப்பிரிவுகளின் வரைபடத்தில் பூங்காவுக்கும் கடைக்கும் இடம் காட்டப்படும், இடுகாட்டுக்கு இராது. பழைய கிராமத்து இடுகாடுகள் பெரும்பாலும் சாதிவாரியாகப் பிரிந்தவை, புதிதாகக் குடிவந்தோர் எதிலும் சேராதவர். ஆகவே கிறிஸ்தவர்களின் உடல்கள் பல வேளைகளில் கீழ்ப்பாக்கத்திற்கோ காசிமேட்டிற்கோ அதே நெரிசலூடே கொண்டுசெல்லப்படுகின்றன. அங்கும் இடம் சுருங்கி, ஒரே குடும்பக் கல்லறையைத் திரும்பத் திறக்க வேண்டியுள்ளது. மாலை ஐந்து மணி அடக்க ஆராதனைக்கு ஆயரும் உறவினரும் வந்து சேர்ந்த பின்னும் உடல் வழியிலேயே இருப்பதுண்டு. அடுத்தடுத்துள்ள குருசேகரங்கள், கத்தோலிக்கப் பங்குகளையும் சுயாதீன சபைகளையும் சேர்த்துக்கொண்டு, நீர்நிலையல்லாத அரசு நிலத்தில் பொதுக் கல்லறைத் தோட்டத்திற்கு இடம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் கூட்டாக விண்ணப்பிக்கலாம். செங்கல்பட்டு 2019இல் தனி மாவட்டமான பிறகு அலுவலகமும் தொலைவில் இல்லை. எஞ்சியிருக்கும் நிலத்திலும் கல் நடப்படுவதற்கு முன் அவ்விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.