தண்டவாளத்தின் காது

கரூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் பத்து நாளாக என் மேசையில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்திருக்கிறார். அங்கே வீட்டுக்குப் பின்னால் ஓடும் ரயில் பாதையில் சிக்னல்களை எடுத்துவிட ரயில் கம்பெனி அரசிடம் மனு போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டாராம். “சிக்னல் போதவில்லை என்று மனு கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இருப்பதைக் கழற்ற ஒரு மனுவா? அதற்கு அரசு சம்மதிக்குமா?” என்று கேட்கிறார்.

சம்மதிக்கும். பல முறை சம்மதித்திருக்கிறது. சில முறை நிபந்தனை போட்டிருக்கிறது, சில முறை மறுத்தும் இருக்கிறது. கேள்வி சின்னதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால், ரயில் உலகில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கருவியிடம் போய்ச் சேரலாம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் சரக்கு ரயில் பாதைகள் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளின் சொத்து. தண்டவாளம், நிலம், கம்பம், விளக்கு எல்லாம் அவர்கள் காசில் போட்டவை. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் சிக்னல் அமைப்பை நிறுத்தவோ பெரிய அளவில் மாற்றவோ வேண்டுமென்றால், ஃபெடரல் ரயில்ரோடு நிர்வாகம் என்ற அரசு அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 1937ஆம் ஆண்டு வந்த சிக்னல் ஆய்வுச் சட்டத்தின் வழியில் வந்த கட்டுப்பாடு இது. மனுவோடு வரைபடம் வைக்க வேண்டும். அதில் கழற்றப்போவதை மஞ்சளிலும் புதிதாக வைப்பதைச் சிவப்பிலும் காட்டுவது நல்லது என்றுகூட விதி சொல்கிறது. ஏன் மாற்றுகிறீர்கள், மாற்றினால் ரயில் ஓட்டத்தின் பாதுகாப்பு பாதிக்கப்படுமா, பாதிக்கப்படுமென்றால் எப்படி என்ற கேள்விகளுக்குக் கம்பெனி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பிறகு மனு அரசிதழில் அறிவிப்பாக வரும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், எதிர்க்கலாம், நேரில் விசாரணை வையுங்கள் என்று கேட்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. காலையில் செய்தித்தாள் வந்ததும் அவர் முதலில் பிரிப்பது பொது அறிவிப்புப் பக்கத்தைத்தான். இன்ன சர்வே எண்ணில் உள்ள சொத்தை வாங்கப்போகிறோம், ஆட்சேபணை இருப்பவர்கள் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்று பொடி எழுத்தில் வருமே, அந்தப் பக்கம். அப்படி ஒரு நாள் படித்ததால்தான் தாத்தாவின் நிலத்தில் எங்கள் பங்கு கை நழுவாமல் நின்றது. வீட்டில் வேறு யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

சரி, அந்த மஞ்சள் நிறத்தில் காட்டப்படுவது என்ன? விளக்கும் கம்பமும் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அங்கே இருக்கிறது. ரயில்காரர்கள் அதை ட்ராக் சர்க்யூட் என்பார்கள். நான் அதைத் தண்டவாளத்தின் காது என்று சொல்லிக்கொள்வேன்.

வில்லியம் ராபின்சன் என்ற பொறியாளர் 1870இல் பென்சில்வேனியாவில் கின்சுவா என்ற ஊரில் ஒரு தானியங்கி சிக்னலை அமைத்தார். ரயில் வந்தால் மின்சுற்று மூடும், சிக்னல் அபாயம் காட்டும். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அவருக்கே மனம் ஒப்பவில்லை. கம்பி அறுந்தால்? பேட்டரி தீர்ந்துபோனால்? அப்போது ரயில் நின்றுகொண்டிருந்தாலும் சிக்னல் “வழி காலி” என்றே காட்டும். கருவி செத்துக்கிடப்பது யாருக்கும் தெரியாது. அவர் சிந்தனையைத் தலைகீழாகத் திருப்பினார். 1872இல் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடுதான் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது.

எங்கள் தெருவில் 1980களில் ஒரு கூர்க்கா இருந்தார். இரவில் மணிக்கொருமுறை தடியைத் தட்டி விசில் ஊதியபடி போவார். அந்தச் சத்தத்துக்கு யாரும் விழித்ததில்லை. ஒரு மார்கழி இரவு, இரண்டு மணி விசில் வரவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், கூர்க்கா கடுங்காய்ச்சலில் முக்குக் கடைத் திண்ணையில் சுருண்டு கிடந்தார். அவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விசில் வந்தால் நலம், வராவிட்டால் ஏதோ ஆகிவிட்டது. ராபின்சன் செய்ததும் இதுதான்.

பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் மின்சாரம் தாண்டாதபடி தண்டவாள இணைப்பில் காப்புத் தகடு வைப்பார்கள். ஒரு முனையில் சின்ன பேட்டரி. மறுமுனையில் ரிலே என்ற மின்காந்தப் பெட்டி. மின்சாரம் ஒரு தண்டவாளம் வழியே போய் ரிலேயைத் தொட்டு மற்றத் தண்டவாளம் வழியே திரும்புகிறது. அந்தச் சொற்ப மின்சாரம் ரிலேக்குள் இருக்கும் ஓர் இரும்புத் துண்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தூக்கிப் பிடித்திருக்கும்வரை பச்சை. ரயிலின் சக்கரமும் அச்சும் சேர்ந்து இரண்டு தண்டவாளங்களையும் இணைத்ததும், மின்சாரம் ரிலேவரை போகாமல் அச்சு வழியே குறுக்கே திரும்பிவிடுகிறது. இரும்புத் துண்டு விழுகிறது. சிவப்பு.

அது விழுவது தன் எடையால். இழுக்க ஸ்பிரிங்கைக்கூட நம்பாமல், பூமியின் ஈர்ப்பை மட்டும் நம்பி இந்த ரிலேக்களைச் செய்தார்கள். ஸ்பிரிங் தளரும், துருப்பிடிக்கும். ஈர்ப்பு ஒரு நாளும் விடுப்பு எடுக்காது. தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று ஒரு பக்கம் கார்பன் வைத்தார்கள். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், வெள்ளம் பெட்டியை அடித்துக்கொண்டு போனாலும் விளைவு ஒன்றுதான்: துண்டு விழும், சிவப்பு எரியும், வண்டி நிற்கும். தான் கெட்டுப்போவதையே எச்சரிக்கையாக மாற்றிக்கொண்ட கருவி இது. மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு அடக்கமும் நேர்மையும் கொண்டவை குறைவு என்று நினைக்கிறேன்.

இந்தக் காதுக்கு இன்னொரு திறமையும் உண்டு. தண்டவாளமே கம்பியாக இருப்பதால், தண்டவாளம் உடைந்து விலகினாலும் சுற்று அறுந்துவிடும். கடுங்குளிரில் எஃகு சுருங்கி, ஆளரவமற்ற வெளியில் நள்ளிரவில் தண்டவாளம் முறிந்தால், ஒரு மனிதரும் பார்க்காமலே சிக்னல் சிவப்பாகும். எல்லா முறிவும் அகப்படுவதில்லை. முறிந்த முனைகள் ஒட்டியபடியே இருந்தாலோ, அடித்தகட்டின் மேல் முறிந்தாலோ மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் இரவு பகல் பாராமல் கேட்டுக்கொண்டிருக்கும் காவல் வேறு ஏது?

காது மந்தமாவதும் உண்டு. சக்கரமும் தண்டவாளமும் உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும். 0.06 ஓம் அளவு மின்தடையை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்தால் ரிலே விழ வேண்டும் என்பது அமெரிக்க விதி. ரயில் அதிகம் ஓடாத பாதையில் தண்டவாளத்தின் மேல் துரு படரும். இலைச் சாறும் தூசும் படியும். எடை குறைந்த ஒரு குட்டி ரயில் அதன்மேல் போனால், ரயில் இருப்பதையே சுற்று உணராமல் போகலாம். இந்தச் சுற்றை நம்பியிருக்கும் லெவல் கிராசிங் கேட் மூடாமல் போகலாம். சிகாகோவுக்கும் கார்பன்டேலுக்கும் இடையே கனடியன் நேஷனல் கம்பெனியின் பாதையில் ஓடும் ஆம்ட்ராக் பயணிகள் ரயில்களுக்கு இந்தச் சிக்கல் வந்தது. குறைந்தது 32 அச்சாவது இருக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒரு பெட்டிக்கு நான்கு அச்சு. அவ்வளவு பயணிகள் இல்லாவிட்டாலும், தண்டவாளம் தன்னைக் கவனிக்க வேண்டுமே என்பதற்காக அந்த ரயில் கூடுதல் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. பேச்சு காதில் விழாத பெரியவர் வீட்டில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசப் பழகிக்கொள்வதைப் போல.

இப்போது கழற்றும் மனுக்களுக்கு வருவோம். கம்பெனிகள் சொல்லும் காரணங்களில் நியாயமானவை நிறைய. முன்பு ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்குச் செய்தி போகப் பாதையோரம் கம்பம் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். புயலில் விழும், பனியில் அறுந்துபோகும், தாமிரத்துக்காகத் திருடும் ஆட்களும் உண்டு. இப்போது அந்தச் செய்தியைத் தண்டவாளம் வழியாகவே மின் துடிப்புகளாக அனுப்ப முடிகிறது. கம்பிக்கும் பழைய கைகாட்டிக்கும் விடை கொடுப்பதில் தவறே இல்லை. சில இடங்களில் சிக்னலின் குறிப்பு என்ஜினுக்குள் டிரைவர் முன்னாலேயே வந்துவிடுகிறது. பாதையோர விளக்கு தேவையில்லை என்கிறார்கள். அதுவும் சரிதான். விளக்கு போகிறது, காது இருக்கிறது.

அடுத்த காரணம் பாசிட்டிவ் ட்ரெயின் கன்ட்ரோல். 2008 செப்டம்பர் 12 அன்று கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில், கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் டிரைவர் சிவப்பைத் தாண்டிச் சென்று சரக்கு ரயிலில் மோதினார். 25 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பாசிட்டிவ் ட்ரெயின் கன்ட்ரோலைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. டிரைவர் தவறினால் கணினியே பிரேக் போடும் இந்த ஏற்பாடு, 2020 முடிவதற்குள் 57,536 மைல் பாதையில் நடைமுறைக்கு வந்தது. இது வந்தபின், பழைய பாதுகாப்பு அமைப்புகள் இரட்டைச் செலவு என்று சொல்லும் மனுக்களும் வருகின்றன. இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கிறேன். செயற்கைக்கோள் துணையோடு ரயில் எங்கே இருக்கிறது என்று அந்தக் கணினிக்குத் தெரியும். முன்னால் தண்டவாளம் முறிந்திருப்பது அதற்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்ல அந்தப் பழைய காதுதான் வேண்டும்.

மூன்றாவது காரணம், போக்குவரத்து குறைந்துவிட்டது, இன்றைய ஓட்டத்துக்கு சிக்னல் வேண்டியதில்லை என்பது. அனுமதி கிடைத்தால் அந்தப் பாதை, ரயில்காரர் மொழியில், இருண்ட பகுதி ஆகிவிடும். அங்கே கட்டுப்பாட்டு அலுவலர் ரேடியோவில் சொல்லும் அனுமதியை எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு வண்டி போகும். அதனால் வேகத்துக்கும் கடிவாளம் உண்டு: பயணிகள் ரயிலுக்கு மணிக்கு 59 மைல், சரக்கு ரயிலுக்கு 49 மைல். கட்டுப்பாட்டோடு ஓட்டினால் ஓட்டலாம்தான். பல ஆயிரம் மைல் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லப் பெரும்பாலும் மனிதரின் ஞாபகம்தான் இருக்கிறது.

2005 ஜனவரி 6, தெற்கு கரோலினாவின் கிரானிட்வில். இருண்ட பகுதி. முந்தைய நாள் வேலை முடித்துப் போனவர்கள், பக்கப் பாதைக்குத் திருப்பிய பாயின்டை மெயின் லைனுக்குத் திருப்பாமல் போய்விட்டார்கள். விடிவதற்கு முன் வந்த சரக்கு ரயில் பக்கப் பாதைக்குள் புகுந்து நின்றிருந்த ரயிலில் மோதியது. குளோரின் டேங்க் கிழிந்து 9 பேர் இறந்தார்கள். சுமார் 5,400 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. சிக்னல் உள்ள பாதையாக இருந்திருந்தால், திரும்பிக் கிடந்த அந்தப் பாயின்டே சுற்றை அறுத்துச் சிவப்பு காட்டியிருக்கும்.

13 ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரி 4 அன்று, அதே மாநிலத்தில் கேய்சி என்ற ஊர். அங்கே சிக்னல் இருந்தது. பாசிட்டிவ் ட்ரெயின் கன்ட்ரோல் பொருத்துவதற்காக அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு பாயின்ட் தவறாகத் திரும்பிக் கிடந்தது. சரியாக இருப்பதாகத் தகவல் போய்விட்டது. நியூயார்க்கிலிருந்து மயாமி போன ஆம்ட்ராக் ரயில் பக்கப் பாதையில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. டிரைவரும் கண்டக்டரும் இறந்தார்கள். இன்னும் பாதுகாப்பான ஒன்றைப் பொருத்துவதற்காகக் காதை மூடி வைத்திருந்த நாட்களில் இது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பாகாநாகா பஜாரில் பச்சை கிடைத்தது. ஆனால் பாயின்ட் லூப் லைன் என்ற பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அதனால் நேர்ந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் மின்சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், கேட் தடுப்பு மாற்றும் வேலையிலும் நேர்ந்த பிழைகளை விசாரணை காட்டியது. சிக்னல் தானாகப் பொய் சொல்வது அபூர்வம். நாம் கைவைக்கும் நேரத்தில்தான் அதன் வாயில் பொய்யை வைத்துவிடுகிறோம்.

அதனால்தான் அந்தப் பொடி எழுத்து அறிவிப்புகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அவற்றைத் தவறாமல் படித்து எழுதுபவர்களில் ரயில்வே தொழிற்சங்கங்களும் சிக்னல் பராமரித்த கைகளும் உண்டு. பாதையோரம் குடியிருப்பவர்களோ, அந்த ரயிலில் நாள்தோறும் போகிறவர்களோ எழுதுவது குறைவு. எழுத உரிமை கொடுத்த சட்டம் அங்கே இருக்கிறது. அது எல்லா நாட்டிலும் கிடைக்கும் பொருள் அன்று.

கரூர் வாசகருக்கு: உங்கள் மகளிடம் சொல்லுங்கள். மனுவின் எண்ணைத் தேடி எடுத்து, வரைபடத்தைப் பார்க்கட்டும். மஞ்சளில் இருப்பது விளக்கு மட்டுமா, ட்ராக் சர்க்யூட்டும் சேர்ந்தா? பாதையில் கை நெம்புகோலால் திருப்பும் பாயின்ட்கள் எத்தனை, அவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்று இனி யார் சொல்வார்கள்? வேலை நடக்கும் நாட்களில் சிக்னல் நிறுத்தப்படுமா, அப்போது வண்டிகள் என்ன வேகத்தில் போகும்? இந்த மூன்றையும் கேட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும். கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும்.