பெண் குழந்தைக்குக் கத்னா: நாற்பதாம் நாளுக்கு முன் யாரிடம் கேட்கலாம்?

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து, இப்போது முசலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மீளத் திரும்பியுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்காக இப்பக்கம் எழுதப்படுகிறது.

பெண் குழந்தை பிறந்து நாற்பது நாட்களுக்குள் ஒஸ்தா மாமியை அழைத்துக் கத்னா செய்விக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. வீட்டுப் பெண்களுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், பல வாப்பாமாருக்கு இது தெரிவதுகூட இல்லை.

"சிறு கீறல்தானே" என்று சொல்வார்கள். ஆனால் பச்சிளம் குழந்தையின் அந்த இடம் மிகச் சிறியது. பிளேட் சற்று விலகினாலும் காயம் பெரிதாகலாம். இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் ஏற்படலாம். வளர்ந்தபின் தாம்பத்தியத்தில் வலியும் வரலாம். இதனால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வைத்தியரிடம் செய்வித்தால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். வைத்தியர்கள் இதனைச் செய்யக்கூடாது என 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டுள்ளது.

மார்க்கக் கடமையல்லவா என்ற கேள்வி எழும். நம் நாட்டு உலமாக்களிடையே இதனை வலியுறுத்துவோர் உள்ளனர். எனினும், 2006இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள், இதற்குக் குர்ஆனில் ஆதாரம் இல்லை, இது கைவிடப்பட வேண்டிய வழக்கம் என்று அறிவித்தனர்.

யாரிடம் பேசலாம்? முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது மிட்வைஃப் மிஸ்ஸிடம். புதிய இடத்தில் அவருக்கு உங்களைத் தெரியாது. ஆகவே கர்ப்ப காலத்திலேயே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிந்துகொள்ளுங்கள். பிரசவத்தின் பின் அவர் வீட்டுக்கு வரும்போது, உம்மம்மாவையும் வாப்பாவையும் கூட இருக்கச் சொல்லுங்கள். இளம் தாய் தனியாக "வேண்டாம்" என்று சொல்வது கடினம். அதே விளக்கத்தை மிஸ் சொன்னால் பெரியவர்களும் காது கொடுப்பார்கள். குற்றம் சொல்லாமல் விளக்குவது அவருடைய கடமை; கேட்பது உங்கள் உரிமை.

ஏற்கெனவே செய்திருந்து, குழந்தைக்கு இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகச் சிரமப்பட்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நடந்ததை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

வீட்டில் வற்புறுத்தல் இருந்தால், பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய உதவி இலக்கங்களுக்கும் அழைக்கலாம்.

நாற்பதாம் நாள் விரைவில் வந்துவிடும். குழந்தை பிறக்கும் முன்னரே பேசி முடிவெடுங்கள்.