அடையாள அட்டையில் சூப்பர்வைசர், வேலையில் யார்?

புதுச்சேரி நேரு வீதியின் பெரிய துணிக்கடைகளில் தளத்துக்கு ஒரு சூப்பர்வைசர் இருப்பார். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் ஷிப்டுக்கு ஒருவர். மருத்துவமனையின் துப்புரவுப் பணிக்கு ஒருவர், வங்கி வாசலில் நிற்கும் காவலாளிகளுக்கு ஒருவர். சிலருக்குக் கீழே நூறு பேர் இருப்பார்கள். சிலருக்குக் கீழே ஒருவர்கூட இருக்கமாட்டார். சட்டையில் குத்திய அட்டை மட்டும் அப்படிச் சொல்லும். எல்லோரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். வேலை போகிற நாளில்தான் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பது தெரியவருகிறது.

பேச்சு வழக்கில் சூப்பர்வைசர் என்றால் வேலையைக் கண்காணிப்பவர், 'மேற்பார்வையாளர்'. கட்டட வேலையில் அதே இடத்தில் இருப்பவர் மேஸ்திரி. இது போர்த்துகீசியரின் 'மெஸ்த்ரே' கப்பலேறி வந்து தமிழாகிவிட்ட சொல். மேஸ்திரியிடம் தொழில் இருக்கும். அவரே கரண்டியைப் பிடித்துப் பூசிக் காட்டுவார். சூப்பர்வைசருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கையில் பதிவேடு இருந்தால் போதும். கொஞ்ச காலமாக 'இன்சார்ஜ்', 'டீம் லீடர்' என்ற பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. 'பாஸ்' மட்டும் அதிகாரத்தை முற்றிலும் இழந்து தெருவுக்கு வந்துவிட்டது. ஆட்டோவுக்கு வழி கேட்கிறவரும் முன்னால் நிற்பவரை 'பாஸ், கொஞ்சம் தள்ளுங்க' என்கிறார்.

சட்டத்தில் சூப்பர்வைசர் என்பது இத்தனை தாராளமான சொல் அல்ல. அது ஒரு எல்லைக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் 'தொழிலாளர்'. வேலைநீக்கம் செய்தால் சமரச அதிகாரியிடம் போகலாம்; அங்கே தீராவிட்டால் தீர்ப்பாயம். ஆட்குறைப்பு என்றால், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும். கூடுதல் நேரம் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டவருக்கு இவை இல்லை. அவர் செலவு செய்து உரிமையியல் நீதிமன்றத்தில் ஒப்பந்த வழக்கு நடத்த வேண்டும். அதனால்தான் பதவி உயர்வு என்ற பெயரில் சிறு சம்பள உயர்வும் 'சூப்பர்வைசர்' பட்டமும் கைக்கு வரும்போது, உத்தரவைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்கிறேன்.

இந்த உரிமைகளுக்குப் புதுச்சேரி கொடுத்த விலை பெரிது. சாவனா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்று ஊரே மூன்று ஆலைச் சங்குகளுக்கு எழுந்து படுத்த காலம் ஒன்று இருந்தது. வ. சுப்பையாவின் தலைமையில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநேரக் குறைப்புக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சாவனா மில்லில் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1937இல், எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் ஏற்கும் ஆணை பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. ஜூலை 30ஐ இன்றும் புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சி 1954இல் கைமாறி, 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகு, 1963 அக்டோபர் 1 முதல் இந்தியாவின் தொழில் தகராறு சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. 'தொழிலாளர் யார்' என்ற அதன் வரையறையும் அதோடு வந்தது.

அந்த வரையறை பலமுறை மாறியிருக்கிறது. 1947இல் எழுதப்பட்ட சட்டத்தில் மேற்பார்வை வேலை செய்பவருக்கு இடமே இல்லை. 1956இல் செய்த திருத்தம் அவர்களையும் உள்ளே சேர்த்தது, ஆனால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வெளியே என்றது. அந்த வரம்பு பின்னர் 1,600 ஆனது. 2010இல் 10,000 ஆனது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் வரம்பு 18,000 ரூபாய்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். '18,000க்கு மேல் சம்பளம் வாங்கினால் தொழிலாளர் இல்லையாமே' என்று தொழிற்பேட்டைத் தேநீர்க் கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அந்த வரம்பு மேற்பார்வைப் பணியில் இருப்பவருக்கு மட்டும்தான். உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, இயந்திரம் இயக்குதல் என்று எதைச் செய்தாலும், முதன்மையான வேலை அதுவாக இருக்கும்வரை 50,000 ரூபாய் வாங்கினாலும் அவர் தொழிலாளரே. ஆகவே சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இவர் உண்மையில் மேற்பார்வைதான் செய்கிறாரா?

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சேதராப்பட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. பேக்கிங் பிரிவில் ஒரு பெண்ணுக்கு 'லைன் சூப்பர்வைசர்' என்று பெயர். காலையில் வந்ததும் பன்னிரண்டு பேரின் வருகையைக் குறிக்கிறார். அதற்குப் பத்து நிமிடம். பிறகு மாலை வரை அவரும் அதே பெல்ட்டில் நின்று அட்டைப்பெட்டி மடிக்கிறார், எண்ணிக்கை சரிபார்க்கிறார், லேபிள் ஒட்டும் இயந்திரம் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். யாராவது விடுப்பு கேட்டால் 'மேடம்கிட்ட கேளுங்க' என்று அனுப்புகிறார். யாருக்கும் மெமோ கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இவர் சூப்பர்வைசர் இல்லை, பெயரில் மட்டும்தான் அப்படி.

பக்கத்துப் பிரிவில் இன்னொருவர். அவருடைய அட்டையில் 'சீனியர் ஆபரேட்டர்' என்றுதான் இருக்கிறது. ஆனால் யார் எந்த இயந்திரத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். விடுப்பை அவரே அனுமதிக்கிறார். தவறு செய்தவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்கிறார். ஆண்டு இறுதியில் அவர் எழுதும் குறிப்பைப் பார்த்துத்தான் சம்பள உயர்வு முடிவாகிறது. அட்டை என்ன சொன்னாலும் நீதிமன்றம் இவரை மேற்பார்வைப் பணியில் இருப்பவராகத்தான் பார்க்கும்.

உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனந்த பஜார் பத்திரிகா வழக்கின் தீர்ப்பு, ஒருவருடைய முதன்மையான வேலை எது என்று பார்க்கச் சொன்னது. பெரும்பாலும் எழுத்தர் வேலை பார்ப்பவர் இடையிடையே மற்றவர்களின் வேலையைச் சரிபார்த்தால் அவர் எழுத்தர்தான். பெரும்பாலும் மேற்பார்வை செய்பவர் இடையில் கொஞ்சம் எழுத்து வேலை பார்த்தால் அவர் மேற்பார்வையாளர்தான். 1984இல் டெல்டன் கேபிள் வழக்கில், செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர் என்ற பதவியில் இருந்தவரைத் தொழிலாளர் என்றே தீர்ப்பளித்தார்கள். ஆளை நியமிக்கவோ தண்டிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்பது அதில் முக்கியமாக இருந்தது. எதிர்த்திசையிலும் தீர்ப்பு உண்டு. 1994இல் கரோனா சாகு வழக்கில், செருப்புக் கடை ஒன்றை முழுப் பொறுப்பில் நடத்தியவர் தன்னைத் தொழிலாளர் என்று வாதிட்டார். கல்லாவில் நின்றும் சரக்கை எடுத்துக் காட்டியும் வேலை செய்தவர்தான். ஆனாலும் கடையை நிர்வகிப்பதே அவருடைய முதன்மை வேலை என்று சொல்லி நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்க மறுத்தது. நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் 'ஷாப் மேனேஜர்' பதவியில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருப்பது நல்லது. நிர்வாகப் பணியில் இருப்பவருக்குச் சம்பள வரம்பு எதுவும் இல்லை. குறைந்த சம்பளம் வாங்கினாலும் அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

சரி, வேலை உண்மையிலேயே மேற்பார்வைதான் என்றால்? அப்போது 18,000 வரம்பு பொருந்தும். அதற்குக் கைக்கு வரும் மொத்தத் தொகையைப் பார்க்கக்கூடாது. சட்டம் சொல்லும் 'ஊதியம்' என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை அதில் சேராது. ஆனால் அப்படி ஒதுக்கிய படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஒருவருக்கு மாதம் 22,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் அகவிலைப்படியும் 14,000, வாடகைப்படி 5,000, பயணப்படி 3,000. படிகள் 8,000; பாதியான 11,000ஐத் தாண்டவில்லை. எனவே சட்டப்படி அவருடைய ஊதியம் 14,000. மேற்பார்வைப் பணியில் இருந்தாலும் அவர் தொழிலாளர். '22,000 வாங்குகிறேன், எனக்கு உரிமை இல்லை' என்று அவராகவே ஒதுங்கிவிட்டால் அந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது?

பட்டம் மாறினாலும் போகாத உரிமைகளும் இருக்கின்றன. பணிக்கொடை சூப்பர்வைசருக்கும் உண்டு, மேனேஜருக்கும் உண்டு. வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் சம்பள அளவைப் பார்க்குமே தவிர பதவியின் பெயரைப் பார்க்காது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் எந்தப் பதவியில் இருக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. 'நீ இப்போ ஸ்டாஃப், உனக்கு அதெல்லாம் கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க் குழு ஒன்று இருந்தாக வேண்டும். நிர்வாகத் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனு கொடுத்தால் 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். அதையும் தாண்டினால் புதுச்சேரித் தொழிலாளர் துறை.

அங்கே போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. 'நான் தொழிலாளர்' என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவருடையது. நியமனக் கடிதம், பதவி உயர்வு உத்தரவு, சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு அன்றாட வேலையைக் காட்டும் தாள்கள்தான் வழக்கைத் தூக்கி நிறுத்தும். உங்கள் பிரிவில் விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டது யார்? ஷிப்டு அட்டவணையைத் தயாரித்தது யார்? 'இன்னிக்கு இரண்டாவது மெஷினில் நீங்களே நில்லுங்க' என்று மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போனில் இருக்கிறதா? உற்பத்திப் பதிவேட்டில் இயக்குபவர் என்ற கட்டத்தில் உங்கள் பெயர் எத்தனை நாள் வந்திருக்கிறது? வேலையில் இருக்கும்போதே இவற்றின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டு நிறுத்திவிட்டால் மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.