படுக்கையே மருந்து

முதிய நாய் ஒன்று திண்ணைப் படியில் ஏறத் தயங்குவதைக் கண்டதும், "வயதாகிவிட்டது, பாவம்" என்று சொல்லிவிட்டுத் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போவது நம்மில் பலருடைய வழக்கம். அந்த அநுதாபம் உண்மையானதே; ஆயினும் அநுதாபம் வைத்தியம் ஆகாது. ஏழெட்டு வயதைக் கடந்த பொமரேனியனோ, நீண்ட உடலும் குட்டைக் கால்களும் வாய்ந்த டாஷ்ஹண்டோ, முதுகை வளைத்துக்கொண்டு நின்றால், தூக்கும்போது வீறிட்டால், பின்னங்கால் நகங்கள் தரையில் உரச நடந்தால், அதை மூப்பின் இயற்கை என்று தள்ளிவிடலாகாது. முதுகெலும்பில் வியாதி இருக்கக்கூடும், அதற்குச் சிகிச்சையும் உண்டு.

முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை போல் அமைந்த தட்டுகள், உள்ளே குழைவும் வெளியே நாருமாக இருப்பவை. டாஷ்ஹண்ட் போன்ற ஜாதிகளில் ஒரு வயதுக்குள்ளாகவே அந்தக் குழைவு உலரத் தொடங்கிச் சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. அவற்றின் குட்டைக் கால்களுக்குக் காரணமான பரம்பரைக் கூறுகளில் ஒன்றே இதற்கும் காரணம் என்பது 2017-இல் தெளிவாயிற்று. தட்டு திடீரென்று வெடித்துப் பிதுங்குவது ஒரு வகை, வயோதிகத்தில் மெல்லப் புடைத்துத் தண்டுவடத்தை நெருக்குவது மற்றொரு வகை என்று சுவீடன் தேசத்து ஹான்ஸென் 1952-இல் பிரித்துக் காட்டினார். மேல் முதுகில் விலா எலும்புகளின் தலைகளைப் பிணைக்கும் நார்க்கட்டு தட்டுக்குத் தடுப்பாக நிற்கிறது; கடைசி விலாக்களின் அருகே அந்தத் தடுப்பு இல்லாமையால், பெரும்பாலும் அங்கேதான் விபரீதம் நேர்கிறது.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகையில் பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளே என் கண்முன் நிற்கின்றன. கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருக்க, தறிக்குழிக்குள் கால்களை இறக்கி மிதி மிதித்துக்கொண்டிருக்கும் எஜமானரின் காலடியை நாடி நாய் உள்ளே குதிப்பதும், வாசலில் அரவம் கேட்டதும் ஒரே தாவாக வெளியே பாய்வதும், வழவழப்பான சிமெண்டுத் தரையில் சறுக்குவதும், நலிந்த முதுகுக்குப் பெருந்தீங்காகும். தறி ஓடாத வேளையில் குழியைப் பலகையிட்டு மூடுங்கள். ஓடும் வேளையில் நாயை எட்டவே வைத்திருங்கள். அது நடமாடும் வழியெங்கும் கோணியோ தென்னை நார் விரிப்போ போடுங்கள். வாசற்படிக்குச் சாய்வுப் பலகை வையுங்கள். நாள் முழுதும் குனிந்து நெய்து இடுப்பு நோவு இன்னதென்று அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்காக நோவோடு தறியில் உட்காரும் அவர்களுக்குக் கிட்டாத ஓய்வை, அந்த வாயில்லா ஜீவனுக்காவது அளிக்கலாம்.

நடக்கும் சக்தி எஞ்சியிருக்கும்போதே கண்டுகொண்டால், முக்கியமான சிகிச்சை அந்த ஓய்வுதான். எழுந்து திரும்ப மட்டும் இடமுள்ள கூண்டிலோ அடைப்பிலோ நான்கு முதல் ஆறு வாரம் வைத்து, மலஜலத்திற்கு மாத்திரம், கழுத்துப் பட்டையை நீக்கி மார்பைச் சுற்றிக் கட்டும் வாரில் பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டும். தூக்குகையில் ஒரு கை மார்பின் கீழும் மற்றொரு கை பின்தொடைகளின் கீழுமாக, முதுகு மட்டமாய் இருக்கட்டும். உடல் பருத்திருந்தால் ஆகாரத்தைக் குறையுங்கள். தடவினால் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

வலி மாத்திரை விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். நாம் விழுங்கும் இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மருத்துவர் கொடுத்த மருந்தேயானாலும், அடைத்து வைக்காமல் கொடுத்தால், வலி மறைந்த உற்சாகத்தில் நாய் துள்ளிக் குதித்து, பாதி பிதுங்கிய தட்டு முழுவதும் வெடிக்க இடமாகும்.

பின்னங்கால்கள் ஸ்தம்பித்துவிட்டாலோ, சிறுநீர் கழிக்க முடியாமற்போனாலோ, வீட்டு வைத்தியத்திற்கு அங்கே இடமில்லை. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. காஞ்சியிலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். பலகையில் படுக்கவைத்து, உடல் அசையாமல் கொண்டுபோங்கள். கால்விரலை அழுத்திக் கிள்ளியும் உணர்ச்சியில்லாத ஸ்திதியில்கூட, தாமதமின்றி அறுவை செய்தால் ஏறத்தாழப் பாதி நாய்கள் மீண்டும் நடக்கின்றன. தாமதிக்கத் தாமதிக்க அந்த வாய்ப்புச் சுருங்கிவிடக்கூடும்.

அறுவைக்குப் பின்னும் அடைப்பு அவசியமே. இரண்டாவது வாரத்திலேயே நாய் நடக்கத் தொடங்கிவிடக்கூடும். வெளியே விடும்படி அழும். வீட்டுக் குழந்தைகளும் அதற்காகப் பரிந்து பேசுவார்கள். மருத்துவர் குறித்த கெடு முடியுமுன் கூண்டைத் திறந்துவிடாதீர்கள் என்று வாசகர்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.