எல்லை தாண்டிய குரல்கள் – 12: ஊருக்கு ஒரு பாரிஸ்

2017 டிசம்பர் 9, சனிக்கிழமை. பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் ஒரு வெள்ளைச் சவப்பெட்டி மெல்ல வருகிறது. பின்னால் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு வருகின்றன. சாலையின் இருபுறமும் லட்சக்கணக்கில் ஜனங்கள். நரைத்த தாடிக்காரர்கள் தோல் ஜாக்கெட்டோடு நின்று குழந்தைபோல் அழுகிறார்கள். மாதலேன் தேவாலயத்தின் வாசலில் நாட்டின் அதிபரே நின்று இரங்கல் உரை ஆற்றுகிறார்.

இறந்தவர் ஜானி ஹாலிடே. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக பிரான்ஸின் ராக் அரசர். அன்று லண்டன், நியூயார்க் பத்திரிகைகளோ இவர் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்ற ஒருவருக்கு பிரெஞ்சு பேசும் நாடுகளைத் தாண்டியதும் முகவரியே இல்லை.

இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. ஜானியின் சரக்கு என்ன? எல்விஸ் பிரெஸ்லியைப் பார்த்துப் பழகிய இடுப்பசைவு, அமெரிக்க மெட்டுகள், பிரெஞ்சில் எழுதிய வார்த்தைகள். பிறந்தபோது ழான்-ஃபிலிப் ஸ்மெட்டாக இருந்தவருக்கு மேடைப் பெயர்கூட அமெரிக்க வாடையோடுதான். 1994-இல் ஆங்கிலத்தில் ஒரு முழு ஆல்பம் பாடிப் பார்த்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகத்தான் முடிந்தது.

ஆங்கில உலகத்துக்கு பிரான்ஸிலிருந்து வேண்டியதெல்லாம் மெட்டுதான். போன வாரம் பார்த்த எடித் பியாஃப் மாதிரி ஒன்றிரண்டு பேரைத் தவிர, பாடகர்களை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது. 1967-இல் க்ளோத் ஃபிரான்ஸுவா பாடிய ‘கொம் தபித்யூத்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு ‘வழக்கம்போல’ என்று அர்த்தம். காதல் வற்றிப்போன ஒரு வீட்டில், காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒருவன் சிரிப்பதும் அணைப்பதும் எல்லாம் பழக்கதோஷம்தான் என்கிற வேதனைப் பாட்டு. பால் ஆங்கா அந்த மெட்டை வாங்கிப்போய் புது வார்த்தை எழுதினார். ஃபிராங்க் சினாட்ரா 1968 டிசம்பர் 30 அன்று பதிவுசெய்தார். ‘மை வே’! வீட்டுக்குள் புழுங்கிய புருஷன், வாழ்க்கையை ஜெயித்த கிழவனாக மாறிவிட்டான். அது பிரெஞ்சு மெட்டு என்று தெரியாமலேயே பாதி உலகம் அதைப் பாடிக்கொண்டிருக்கிறது.

ஷார்ல் அஸ்னவூர் மட்டும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக ‘ஷீ’ என்ற பாட்டை நேராக ஆங்கிலத்திலேயே, தன் பிரெஞ்சு உச்சரிப்பை மறைக்காமல் பாடினார். 1974-இல் பிரிட்டனில் நான்கு வாரம் அதுதான் முதலிடம். அதன் பிரெஞ்சு வடிவத்துக்குச் சொந்த நாட்டில் அந்த வரவேற்பு கிடைக்கவில்லை.

சரி, ஜானியின் சவ ஊர்வலத்துக்குத் திரும்புவோம். அன்று தேவாலயத்துக்குள் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் சில்வி வர்த்தான். ஜானியின் முதல் மனைவி, அவரும் பாடகி. ஜானி போக முடியாத தூரத்துக்குப் போனவர் அவர்தான். ஜப்பானுக்கு.

1964-இல் பிரான்ஸில் ‘ஷெர்ஷே லிதோல்’ என்று ஒரு சாதாரணப் படம் வந்தது. அதில் சில்வி ஒரு பாட்டுப் பாடினார். நடனத்துக்குப் போகும் பெண் அங்கே எல்லோரையும்விட அழகாகத் தெரிய ஆசைப்படும் பாட்டு. ஜப்பானில் இசைத்தட்டு வெளியிட்டவர்கள் அந்த நீளமான தலைப்பைத் தூக்கிவிட்டு, படத்தின் தலைப்பையே பாட்டுக்கும் சூட்டிவிட்டார்கள்: ‘ஐதோருவைத் தேடு’. பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கூடவே அந்தச் சொல்லும் ஒட்டிக்கொண்டது. இன்று ஜப்பானில் ஆடிப் பாடும் இளம் நட்சத்திரங்களை ‘ஐதோரு’ என்கிறார்களே, அந்த வழக்கின் தொடக்கத்தைத் தேடிப் போகிறவர்கள் சில்வியின் இந்தப் பாட்டில்தான் வந்து நிற்பார்கள். பிரான்ஸில் அவர் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். ஜப்பானில் ஒரு தொழிலுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவர். அடுத்த ஆண்டே ரெனவுன் என்ற துணி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காக ஜப்பானிய மொழியில் பாடவும் செய்தார்.

ஜப்பானியர்களுக்கு பாரிஸ் மயக்கம் அப்போது புதிதல்ல. பெண்கள் மட்டுமே நடிக்கும் தகரஸூகா நாடகக் குழு 1927-லேயே ‘மோன் பாரி’ என்ற ஆடல்பாடல் காட்சியைப் போட்டு அரங்கை அதிரவைத்தது. போர் முடிந்து நாடு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்த 1951-இல், டோக்கியோவின் கின்ஸா பகுதியில் ஒரு காபிக்கடை திறந்தார்கள். பெயர் கின்பாரி. கின்ஸாவில் பாதி, பாரிஸில் பாதி. ஒரு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், மேடையில் ஒருவர் ஷான்ஸோன் பாடுவார், ஜப்பானிய மொழியில். 1990 முடியும்வரை அந்தக் கடை இருந்தது. பாரிஸைக் கண்ணாலும் பார்க்காதவர்கள் நாற்பது ஆண்டு அங்கே உட்கார்ந்து பாரிஸைக் கேட்டார்கள்.

ஷான்ஸோன் என்றால் பிரெஞ்சில் வெறுமனே ‘பாட்டு’. ஜப்பானில் அது ஒரு தனி ஜாதிப் பாட்டு. கொஞ்சம் சோகம், கொஞ்சம் நாடகம்.

இந்த மாற்றத்தைச் செய்த கைகளில் முக்கியமானது இவதானி டோகிகோ என்ற பெண்ணுடையது. தகரஸூகாவின் பதிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தக் குழுவிலிருந்து வந்த கோஷிஜி ஃபுபுகி என்ற பாடகிக்கு மேலாளர், தோழி, பாடலாசிரியர், எல்லாம் அவர்தான். கோஷிஜிக்காக அவர் கையில் எடுத்தது பியாஃபின் ‘இம்ன் ஆ லமூர்’. குத்துச்சண்டை வீரர் மார்சேல் செர்தானுக்காக பியாஃப் எழுதிய பாட்டு. 1949 அக்டோபரில் செர்தான் விமான விபத்தில் இறந்தார். சேதி வந்த அன்று இரவே நியூயார்க் மேடையில் பியாஃப் அதைப் பாடினார்.

மூலப் பாட்டில் வருகிற பெண்ணுக்குக் கட்டுப்பாடே கிடையாது. நீ கேட்டால் திருடுவேன், நாட்டையும் நண்பர்களையும் உதறுவேன், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நீ செத்தால் நானும் சாவேன் என்கிறாள். இவதானி இதையெல்லாம் அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டார். அவருடைய வார்த்தைகளில் மிஞ்சியது இரண்டு பேர், ஓர் அணைப்பு, அணையாத காதல். மெட்டுக்குப் பாட்டெழுதும் வித்தை நமக்கும் பழக்கமானதுதான்; வாயசைவுக்கும் அசைக்கும் பொருந்த ஓர் அர்த்தத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது. ஆனால் இங்கே நடந்தது வெறும் மாட்டல் அல்ல. ஜப்பானில் இது கல்யாணப் பாட்டாகிவிட்டது! மூல வரிகளைக் கல்யாண மண்டபத்தில் பாடியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருப்பார்கள். கண்டிப்பான மொழிபெயர்ப்பாளர்கள் இவதானியைத் திட்டலாம். எனக்கு என்னவோ அவர் கெட்டிக்காரராகத்தான் தெரிகிறார்.

1965-இல் ஃபிரான்ஸ் கால் என்ற பாடகி யூரோவிஷன் போட்டியில் ஜெயித்த பாட்டு ஜப்பானுக்குப் போனபோது வார்த்தை எழுதியவரும் இதே இவதானிதான். செர்ஜ் கேன்ஸ்பூர் எழுதிய மூலத்தின் தலைப்பில் ஒரு சிலேடை உண்டு: ‘ஸோன்’ என்றால் தவிடு, ‘ஸோன்’ என்றால் ஒலியும்கூட. தவிடு அடைத்த பொம்மை, பாடும் பொம்மை. அந்தக் குறும்பு கடல் தாண்டவில்லை. ‘கனவு காணும் ஷான்ஸோன் பொம்மை’ என்ற பெயரில் பொம்மை மட்டும் போய்ச் சேர்ந்தது. ஃபிரான்ஸ் கால் அதை ஜப்பானிய மொழியிலேயே பாடினார்.

டோக்கியோக்காரர்கள் இப்படி உருகிய பிரெஞ்சுத்தனத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சில்வி பல்கேரியாவில் பிறந்து எட்டு வயதில் பாரிஸுக்கு வந்தவர். அவருடைய அந்தப் பாட்டுக்கு வரிகள் எழுதியவர் ஆர்மீனிய அகதிகளின் மகன் அஸ்னவூர். ஜப்பானியர்கள் குளிர்காலம் வந்தாலே நினைத்துக்கொள்ளும் ‘பனி பெய்கிறது’ பாட்டைப் பாடிய அதாமோ, சிசிலியில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். பாடகர் ஈவ் மோன்தான் இத்தாலியில் பிறந்தவர்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘லே ஷான்ஸெலிஸே’. பாரிஸ் என்றதும் உலகம் முணுமுணுக்கும் பாட்டு. வெஸ் ஆண்டர்சன் ராஜஸ்தானில் எடுத்த ‘தி டார்ஜிலிங் லிமிடெட்’ படமும் அதோடுதான் முடிகிறது. 1969-இல் அதைப் பாடிய ஜோ தஸ்ஸான் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர். மெட்டு, ஜேசன் கிரெஸ்ட் என்ற இங்கிலாந்துக் குழு பாடிய ஒரு பாட்டினுடையது. அவர்கள் பாடியது லண்டனில் இருக்கும் வாட்டர்லூ சாலையைப் பற்றி! பிரெஞ்சு வரி எழுதிய பியேர் தெலனோயே சாலையை மட்டும் மாற்றிப் போட்டார். அசல் பாரிஸ்காரரான ஜானியின் உடல் போனதும் அதே சாலையில்தான்.

ரஷ்யர்கள் தேர்ந்தெடுத்த பாரிஸ் வேறு. 1956 கடைசியில், ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்த சூடு ஆறுவதற்குள், பிரான்ஸில் பலர் திட்டத் திட்ட மோன்தான் மாஸ்கோவுக்குப் போய்ப் பாடினார். 1979-இல் ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய காஸ்மோஸ் ஹோட்டலின் திறப்பு விழாவுக்கு தஸ்ஸான் போனார். ஆனால் ரஷ்யர்களின் நிரந்தரப் பிரியம் மிரேய் மத்யூதான். அவிஞ்ஞோனில் கல்தச்சர் ஒருவரின் பதினான்கு பிள்ளைகளில் மூத்தவர். 1965-இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தோன்றி ஒரே நாளில் பிரபலமானவர். அடுத்த பியாஃப் என்றார்கள். பிறகு பாரிஸ் ரசனை நகர்ந்துவிட்டது. மாறாத கிண்ண வெட்டுத் தலைமுடி, உருட்டும் ‘ர’, கடவுள் பக்தி என்று எல்லாமே நையாண்டிக்குத் தீனியாயின.

மாஸ்கோவில் யாரும் நையாண்டி செய்யவில்லை. செஞ்சதுக்கத்தில் ஸ்பாஸ்கயா கோபுரத்தின் அடியில் நடக்கும் ராணுவ வாத்தியத் திருவிழாவுக்கு 2009-லிருந்து பலமுறை அழைத்தார்கள். பல நாட்டுப் படைகளின் பித்தளை வாத்தியங்கள் முழங்கி ஓய்ந்ததும், அந்தப் பெரிய கற்தரையின் நடுவே குள்ளமான ஒரு பெண்மணி, அதே தலைமுடியோடு, மைக் பிடித்து நிற்பார். ‘ர’ உருளும். கூட்டம் எழுந்து நிற்கும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கெய்ரோவின் ஷுப்ராவிலிருந்து மோன்மார்த்ருக்கு – தலிதா